வாய்க்காலின் பாதிவரைதான் நான் நடந்திருந்தேன்

இப்போது கவுன்சிலராக இருக்கும் பெண்கள் சிலர் என்னைப் பார்க்க வரும்போது, ஊர் விஷயமெல்லாம் பேசி முடித்து, கிளம்பும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள். “அக்கா, எம்.எல்.ஏ. சீட்டுக்குப் போறதுக்கு என்ன செய்யணும்?” ஆசையை வெளியே சொல்லத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஒருமுறை சீட்டும் கிடைத்தது, நின்றேன், தோற்றேன். அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன். பாதி வழியில் நிற்கும் ஒருத்தி சொல்வதாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது காவிரி டெல்டாவில் ஒரு சிறிய நகராட்சி. 2011 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அப்போது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதை 50 சதவீதமாக ஆக்கும் சட்டம் 2016-ல்தான் வந்தது. என் கணவர் கட்சியில் வட்டப் பொறுப்பில் இருந்தார். அவருக்காகப் பேசி வைத்திருந்த இடத்தில் என் பெயர் எழுதப்பட்டது. இதை மறைக்க வேண்டியதில்லை, பலரும் இப்படித்தான் உள்ளே வருகிறோம். ஆனால் முதல் மாதமே வீட்டில் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடித்துக்கொண்டோம். நகராட்சிக்கு நான்தான் போவேன், கையெழுத்து மட்டுமில்லை, பேச்சும் என்னுடையது. அவர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஒப்புக்கொண்டார். அந்தப் பேச்சை முதல் மாதத்தில் பேசாவிட்டால் அடுத்த ஐந்து வருஷத்தில் பேசவே முடியாது. அதிகாரிகள் யாருடைய போனுக்குப் பதில் சொல்லிப் பழகுகிறார்களோ, ஊருக்கு அவர்தான் கவுன்சிலர்.

வார்டில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டு. யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள், எந்தப் பிள்ளை எந்தக் காலேஜில் படிக்கிறது என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். தெரியாமல் இருந்தது நகராட்சி வேலை செய்யும் விதம்தான். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆணையரோ பொறியாளரோ இல்லை, தண்ணீர் திறந்துவிடும் அண்ணன். விடியற்காலை நாலரை மணிக்கு ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். “எட்டு சுத்து திறந்தா மேட்டுத் தெருவுக்கு ஏறும்மா. பன்னெண்டு சுத்து திறந்தா பள்ளத் தெருவுல பீறிட்டு அடிக்கும், மேட்டுக்குச் சொட்டுக்கூட ஏறாது. யாரு கத்துறாங்களோ அவங்களுக்காகத் திருப்பினா, மத்தவங்க நாளைக்குக் கத்துவாங்க.” அன்றைக்கு அதை வால்வு பற்றிய பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

முதல் வருஷத்திலேயே ஒரு நீளக் கணக்கு நோட்டு போட்டேன். தேதி, பெயர், தெரு, என்ன கேட்டார், யாரிடம் கொடுத்தேன், என்ன பதில் வந்தது. ஆறு கட்டம், அவ்வளவுதான். எந்த மனு கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப மாட்டேன். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும் என்பதால் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று தெரிந்துவிடும். மன்றக் கூட்டத்திலும் அப்படித்தான். நாற்பது ஐம்பது பொருள்களை வரிசையாக வாசிப்பார்கள், “நிறைவேற்றப்பட்டது” என்று மேசையைத் தட்டுவார்கள், டீ வரும். நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் மதிப்பீட்டை வரிக்கு வரி படித்துவிட்டுப் போவேன். ஒரே கேள்வி கேட்பேன், அதற்கான பதிலைக் குறிப்பில் ஏற்றச் சொல்வேன். வெளிநடப்பு செய்தால் மறுநாள் பேப்பரில் பெயர் வரும். குறிப்பில் ஏறிய கேள்வி பத்து வருஷம் கழித்தும் இருக்கும். என் பழைய கேள்விகளை 2022-ல் நானே நகல் எடுத்துப் பயன்படுத்தினேன்.

என் பெயரை ஊர் முழுக்கக் கொண்டுபோனது ஒரு சாக்கடை. பள்ளத் தெருவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அறுபது வீட்டுக்குள் கழிவுநீர் ஏறும். கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துப் பிள்ளைகளை அதன்மேல் உட்கார வைத்திருப்பார்கள். இரண்டு வருஷம் அலைந்தேன். 2014-ல் வடிகாலை அகலப்படுத்தி, கான்கிரீட் போட்டு, ஊர் எல்லையில் இருக்கும் பழைய பாசன வாய்க்காலில் சேர்த்துவிட்டார்கள். அந்த வருஷம் மழையில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வார்டுக்காரர்களும் என் வீட்டுக்கு மனுவோடு வர ஆரம்பித்தார்கள். மாவட்டச் செயலாளர் ஒரு கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எம்.எல்.ஏ. என்ற எண்ணம் என் மனதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

அந்த எண்ணம் வந்ததும், மேலே போனவர்கள் எப்படிப் போனார்கள் என்று தேடிப் பார்த்தேன். ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், பெரியார் ஈரோட்டில். மு.க.ஸ்டாலின் 1996-ல் நேரடித் தேர்தலில் சென்னை மேயரானவர். ஓ.பன்னீர்செல்வம் 1996-லிருந்து பெரியகுளம் நகராட்சித் தலைவர், 2001-ல் எம்.எல்.ஏ., அதே வருஷம் முதலமைச்சர். மா.சுப்பிரமணியன் 2006-ல் சென்னை மேயர், 2021-ல் சுகாதார அமைச்சர். அரசியல் பின்னணியில் இவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவோ வேறுபட்டவர்கள். ஆனால் எல்லோருமே ஊர் முழுக்கப் பொறுப்பான ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்டை மட்டும் வைத்துக்கொண்டு நேரே சட்டமன்றத்துக்குப் போவது அரிது. தலைவர் பதவி சில முறை மக்களே தேர்ந்தெடுப்பதாகவும் சில முறை கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதாகவும் மாறி மாறி வந்திருக்கிறது. 1996, 2001, 2011-ல் நேரடித் தேர்தல். 2006-லும் 2022-லும் மறைமுகத் தேர்தல். மறைமுகமாக இருக்கும்போது முதலில் கவுன்சிலராக ஜெயித்தால்தான் தலைவர் நாற்காலியைப் பற்றி யோசிக்கவே முடியும். அடுத்த தேர்தல் எந்த முறையில் என்று கவனித்துக்கொண்டே இருங்கள், உங்கள் கணக்கு முழுக்க அதைப் பொறுத்து மாறும்.

2016-ல் தலைவர் பதவிக்கான ஆசையோடுதான் மறுபடி மனு போட்டேன். மனுத் தாக்கல் அக்டோபர் 3-ல் முடிந்தது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. அச்சடித்த நோட்டீஸ் கட்டுக்கட்டாக வீட்டில் கிடந்தது. எப்படியும் மூன்று மாதத்தில் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நகராட்சியை நடத்தினார்கள். கவுன்சிலர் என்று எழுதிய லெட்டர் பேடை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன்.

பதவி இல்லாத அந்த வருஷங்கள்தான் என்னைத் தொகுதிக்கு அறிமுகப்படுத்தின. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மனுக்கள் நின்றபாடில்லை. குழாய், தெருவிளக்கு என்று வந்தவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று இதெல்லாம் நகராட்சியில் நடக்கிற வேலை இல்லை, தாலுகா ஆபீசில் நடப்பது. அதனால் வாரத்தில் மூன்று நாள் அங்கே போக ஆரம்பித்தேன். உதவித்தொகை மனுக்களைப் பார்ப்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். அவர் அறைக்கு வெளியே ஒரு நீண்ட சிமென்ட் திண்ணை. அதில் என் வார்டுப் பாட்டிகளோடு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பாட்டிகளும் உட்கார்ந்திருப்பார்கள். “ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லேன்.” ஆதாரில் வயசு ஒன்று, ரேஷன் கார்டில் வேறொன்று. அதைச் சரிசெய்ய எங்கே போக வேண்டும் என்று சொல்வேன், எழுதிக் கொடுப்பேன். மாதம் ஆயிரம் ரூபாய் அப்போது. அந்த ஆயிரம் நின்றுபோனால் மாத்திரை நின்றுபோகும் வீடுகள் அவை.

கவுன்சிலராக இருந்தபோது வார்டு எல்லையைத் தாண்டி யாரையும் எனக்குத் தெரியாது. அந்தத் திண்ணையில் ஒன்றியம் முழுக்க ஆள் கிடைத்தார்கள். நோட்டில் கிராமப் பெயருக்கென்று ஏழாவது கட்டம் போட்டேன். எந்தப் பதவியில் இருந்தாலும் தாலுகா ஆபீஸ் திண்ணையில் வாரம் ஒரு நாள் உட்காருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

கிராமங்களைப் பற்றி ஒன்று. நகரத்திலிருந்து போகிறவர்கள் அங்கேயும் கட்சிக் கணக்கு மட்டும் போட்டுக்கொண்டு போவார்கள். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தலில்தான் கட்சிச் சின்னம். தலைவராக வந்தவருக்கு மனதில் ஒரு கட்சி இருக்கும், ஆனால் எல்லாக் கட்சி வீட்டு ஓட்டும் வாங்கித்தான் வந்திருப்பார். அவரைக் கட்சிக்காரராக மட்டும் அணுகினால் தர்மசங்கடப்படுவார். கிராம சபை நடக்கும் நாள்களில் போய்ப் பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். அந்த ஊர் வாக்காளர்தான் அதன் உறுப்பினர், வெளியூர்க்காரருக்கு அங்கே பேச இடமில்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் அவர்கள் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

2021-ல் கட்சியில் விருப்ப மனு கொடுத்தேன். நேர்காணலில் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு செலவு செய்ய முடியும் என்பது. இரண்டாவது கேள்வி எங்கள் சமூகத்துக்குத் தொகுதியில் எத்தனை ஓட்டு என்பது. பத்து வருஷ நோட்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன், யாரும் திறந்து பார்க்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். ஆனாலும் சீட்டு கிடைத்தது. மாவட்டச் செயலாளர் எனக்காக நின்றார் என்று பிறகு தெரிந்தது. மக்கள் ஆதரவு மட்டும் போதாது, பட்டியல் தயாராகும் அறைக்குள் உங்களுக்காகப் பேச ஒருவராவது இருக்க வேண்டும். அவரை ஒரு மாதத்தில் சம்பாதிக்க முடியாது. நான் ஏழெட்டு வருஷம் அவர் கூப்பிட்ட எல்லாக் கூட்டத்துக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறேன்.

மனுத் தாக்கலுக்கு மார்ச் 19 கடைசி நாள், வாக்குப்பதிவு ஏப்ரல் 6. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கு மேல் ஓட்டு. வார்டில் வீட்டுக்கு நாலு முறை போனவள் நான். இங்கே ஒரு தெருவுக்கு நாலு நிமிஷம்.

அந்த அவசரத்தில் காகித வேலையில் தவறு வராமல் இருந்ததற்குக் காரணம் ஒரே ஒரு தம்பி. படித்தவன், பொறுமைசாலி. அவனைப் பிரச்சாரத்துக்கே அழைக்கவில்லை, காகிதம் மட்டும் அவன் பொறுப்பு. சொத்து, வழக்கு விவரமெல்லாம் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக்கூடாது. இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தரும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தேர்தல் செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு. முடிவு வந்த 30 நாளில் செலவுக் கணக்கு கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் வரை தகுதியிழப்பு. தோற்றவர்கள் மனமுடைந்து இதை மறந்துவிடுவார்கள். அடுத்த தேர்தலில் நிற்கும் கதவை இப்படித் தாங்களே சாத்திக்கொண்டவர்கள் உண்டு. பூத் ஏஜெண்டுகளிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது, கடைசிவரை இருந்து படிவம் 17சி நகலை வாங்கிக்கொண்டு வா என்பது. எத்தனை ஓட்டு பதிவானது என்பதற்கு நம் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் நகையில் பாதி போனது. அதில் ஒரு பகுதியை இன்னும் மீட்கவில்லை. நகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்பதே 2023-ல்தான் வந்தது, அதற்கு முன் கூட்டத்துக்குப் போனால் தரும் படி மட்டும்தான். வீட்டில் இன்னொரு வருமானம் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். வருமானம் இல்லாத கவுன்சிலரை ஒப்பந்ததாரர்கள் தேடி வருவார்கள்.

இனி அந்த மார்ச் மாத மதியம். நகரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஜீப்பில் கைகூப்பி நின்றபடி போய்க்கொண்டிருக்கிறோம். ஆரத்தித் தட்டுகளுக்குப் பின்னால் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். தட்டு இல்லை. கையால் சைகை காட்டினார். “இறங்கி வாம்மா. ஒண்ணு காட்டணும்.” கூட இருந்தவர்கள் நேரமாகிவிட்டது என்றார்கள். நான் இறங்கினேன்.

வீடுகளுக்குப் பின்னால் வரப்பில் நடத்திக்கொண்டு போனார். வெயிலில் நிலமெல்லாம் வெடித்துக் கிடந்தது. மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடினால் எங்கள் வாய்க்கால்கள் எல்லாம் காய்ந்துவிடும். ஆனால் அந்த வாய்க்காலில் மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாக, நுரையோடு. பால் கவர், ஷாம்பு பாக்கெட், ஒரு பள்ளிக்கூட ஷூ. அந்த நாற்றம் எனக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம், பள்ளத் தெருவின் பழைய நாற்றம்.

“ஆறு வருஷமா இப்படித்தான் வருது. நாத்து நட ஆளுங்க வரமாட்டேங்குறாங்க, கால்ல புண்ணு வருதாம். இது எங்கேருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமாம்மா?”

எனக்குத் தெரியும். அறுபது வீட்டுக்காரர்கள் எனக்கு மாலை போட்ட அந்த வடிகால்தான் அது. கான்கிரீட் முடியும் இடம்வரை நான் நூறு முறை நடந்திருப்பேன். அதற்கு அப்பால் நகராட்சி எல்லை முடிந்தது, என் நடையும் முடிந்தது. அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன் என்றுகூட நினைவில்லை. அவர் திட்டவும் இல்லை. காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மே 2-ல் முடிவு வந்தது. ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றேன். ஒரு வாரம் யாரையும் பார்க்கவில்லை. அப்புறம் படிவம் 20 கிடைத்தது, எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும் தாள். தோற்றவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய தாள் அது. நகரத்தில் நல்ல முன்னணி. திண்ணையில் பழக்கமான கிராமங்களில் எதிர்பார்த்ததைவிட அதிகம். அந்த வாய்க்கால் ஓடும் நாலு பூத்தில் மட்டும் அடி. அலை, கூட்டணி, கடைசி இரண்டு ராத்திரி நடந்தவை எல்லாம் தோல்விக்குக் காரணம்தான், அவற்றைப் பற்றி எல்லோரும் என்னிடம் ஆறுதலாகப் பேசினார்கள். அந்த நாலு பூத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் மகனும் கூட வந்தான். வடிகால் வாயிலிருந்து வாய்க்கால் வாலாக முடியும் இடம்வரை நடந்தோம். எங்கள் வடிகால் மட்டுமில்லை, வழியில் இன்னும் மூன்று இடத்தில் கழிவு சேர்கிறது. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, சர்வே எண்ணோடு நோட்டில் எழுதினேன். எல்லைக்கு உள்ளே நகராட்சி, வெளியே நீர்வளத் துறை, கரையில் ஊராட்சி. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். ஆண்டுக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி வைத்திருக்கும் எம்.எல்.ஏ.வுக்குத்தான் மூன்று பேரையும் ஒரு மேசையில் உட்கார வைக்கும் பலம் இருக்கிறது. எம்.எல்.ஏ. எதற்கு என்று எனக்குப் புரிந்தது அந்தக் கரையில்தான், சீட்டு கேட்டபோது புரிந்திருக்கவில்லை.

2022-ல் மறுபடி கவுன்சிலரானேன். வார்டு மறுவரையறையில் பழைய தெருக்களில் பாதி பக்கத்து வார்டுக்குப் போயிருந்தது. முதல் சில கூட்டங்களிலேயே வடிகால் முனையில் கழிவுநீரைச் சுத்திகரித்து விட வேண்டும் என்று தீர்மானம் கேட்டேன். “இது நம்ம ஊரு பிரச்சினையா?” என்று என் கட்சிக்காரர்களே கேட்டார்கள். பள்ளத் தெருவில் ஒரு அக்கா என் முகத்துக்கு நேரே கேட்டார், “எங்களுக்கு மறுபடி வீட்டுக்குள்ள தண்ணி விடப் போறியா?” தண்ணீர் திறக்கும் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் சொன்ன எட்டுச் சுற்றும் பன்னிரண்டு சுற்றும் அன்று இரவு முழுக்க மனதில் ஓடியது. மறுநாள் அந்த அக்காவையும் இன்னும் ஐந்து பெண்களையும் வேனில் ஏற்றி அந்த வயலுக்கு அழைத்துப் போனேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். “நம்ம வீட்டுதுதானே இது” என்றார். அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் பள்ளத் தெருப் பெண்களும் அந்தக் கிராமத்துப் பெண்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

இதுவரை நடந்தது, வடிகால் முனையில் ஒரு கம்பி வலையும், சுத்திகரிப்புக்கு ஒரு மதிப்பீடும்தான். மதிப்பீடு மேலே போயிருக்கிறது, எந்த மேசையில் என்று மாதம் ஒருமுறை கேட்கிறேன். மறுபடி விருப்ப மனு கொடுக்கப்போகிறேன். இந்த முறை நேர்காணலில் நோட்டை யாரும் திறக்காவிட்டால் நானே திறந்து அந்த வாய்க்கால் பக்கத்தை மேசைமேல் வைப்பேன்.

வலையில் வாரம் இரண்டு முறை குப்பை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் அந்த அம்மாவின் மகன் போன் செய்வான். நான் மேஸ்திரியைக் கூப்பிடுவேன், ஆள் வரும்வரை கரையில் நிற்பேன். போன வாரம் போனபோது அந்த அம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு குச்சியால் தானே தள்ளிக்கொண்டிருந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.